பழைய இரும்புக் குளியல் தொட்டிக்கு வண்ணம் பூசக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பூசி முடித்துப் பதினோரு நாள் ஆகியும், விரல் வைத்தால் ரேகை பதிந்தது. “குன்னூர்க் குளிர் சார், மெதுவாகத்தான் காயும்” என்றார் ஒப்பந்தக்காரர். நானும் நம்பினேன். நவம்பர் மழை. துவைத்துப் போட்ட துண்டே மூன்று நாளாகக் கொடியில் ஈரமாகத் தொங்குகிறது, வண்ணம் மட்டும் எப்படிக் காயும்?

பன்னிரண்டாம் நாள், தொட்டிக்கு அடியில் உருண்டுபோன சோப்பைத் துழாவியபோது ஒரு சிறிய டின் கையில் தட்டுப்பட்டது. மூடி திறக்கப்படவே இல்லை. லேபிளில் ‘ஹார்டனர்’ என்று போட்டிருந்தது.

தொட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது என் மாமனார் வீடு. வெள்ளைக்காரத் தோட்ட மேலாளர் ஒருவருக்காகக் கட்டப்பட்டது. சிங்கப் பாதம் போல நான்கு கால் வைத்த வார்ப்பிரும்புத் தொட்டி, வீட்டோடு வந்த சீதனம். நான்கு பேர் சேர்ந்தாலும் மூச்சு வாங்காமல் நகர்த்த முடியாது. உள்பக்கம் எனாமல், அதாவது இரும்பின் மேல் உருக்கிப் படியவைத்த கண்ணாடி; இத்தனை ஆண்டுகளில் ஒரு கீறல்தான். வெளிப்பக்கம் வெறும் இரும்பு, வண்ணம் ஒன்றுதான் அதற்குப் போர்வை. வெந்நீர் ஆவி அந்தக் குளிர்ந்த இரும்பில் முத்து முத்தாக வியர்த்து இறங்கும். அதனால் காலடியிலும் விளிம்புக்குக் கீழும் துரு கொப்புளித்திருந்தது. “நன்றாகத்தானே இருக்கிறது, அதை ஏன் நோண்டுகிறீர்கள் மாப்பிள்ளை?” என்று அத்தை கேட்டார். கேட்டிருக்கலாம் அவர் பேச்சை.

பேசிய தொகை 9,500 ரூபாய். துரு நீக்கி, இரண்டு கோட் பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதற்கு மேல் இரண்டு கோட் எப்பாக்சி வண்ணம். முன்பணம் 6,000.

எப்பாக்சி இரண்டு டின்னாக வரும். பெரியதில் வண்ணம், சிறியதில் ஹார்டனர். டின்னில் போட்டிருக்கும் அளவுப்படி இரண்டையும் கலந்தால்தான் இறுகும். சாதாரண எண்ணெய் பெயின்ட் போலக் காற்றுப்பட்டுக் காய்கிற சரக்கு இல்லை அது. கலக்காமல் பூசினால் குன்னூர் என்ன, வேலூர்க் கத்திரி வெயிலிலும் பிசுபிசுத்துக்கொண்டேதான் இருக்கும். இது தெரியாதவரா அவர்? கலந்துவிட்டால் சில மணி நேரத்தில் பூசி முடித்தாக வேண்டும், மிச்சம் டின்னிலேயே கல்லாகிவிடும். கலக்காவிட்டால் மிச்சத்தை அடுத்த வீட்டு வேலைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். பெரிய டின் எங்கள் வீட்டில் இல்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

அதையாவது சுரண்டி எடுத்துவிடலாம். எடுக்க முடியாத வேலை ஒன்றையும் செய்துவிட்டுப் போயிருந்தார். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கச் சோம்பல்பட்டு, கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றியிருக்கிறார். அது விளிம்பு வழியாக உள்ளே வழிந்திருக்கிறது. வழிந்த இடமெல்லாம் எனாமலின் பளபளப்புப் போய், அரைத்த கண்ணாடி போல மங்கிவிட்டது. விரலால் தடவினால் சொரசொரப்பு. குழாய்ப் பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு மூன்று கோடுகள். எந்தப் பாலிஷும் அதைத் திரும்பக் கொண்டுவரவில்லை. இப்போது அழுக்கு முதலில் அங்கேதான் பிடிக்கிறது.

இன்னொன்றும் அப்போது எனக்கு உறைக்கவில்லை. பழைய வண்ணத்தை அவருடைய ஆள் கிரைண்டரை வைத்து, சன்னலைச் சாத்திக்கொண்டு, வறட்டுத் தேய்ப்பாகத் தேய்த்தான். வீடு முழுக்கப் பழுப்புத் தூசி. வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருந்தாள். அந்தக் காலத்து எண்ணெய் வண்ணங்களில் ஈயம் கலந்திருப்பது சகஜம். நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய தொட்டியைத் தேய்ப்பதென்றால் ஈரமாக்கித் தேய்க்க வேண்டும், குழந்தைகளை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். இதை நான்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு வந்தவர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர். மழை விடட்டும் என்று ஜனவரி வரை வர மறுத்துவிட்டார். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. பிசினாகக் கிடந்த வண்ணத்தில் உப்புத்தாள் போட்டால் தாள்தான் அடைத்துக்கொண்டது. தின்னரில் நனைத்த துணியால் துடைத்துத் துடைத்து, தகட்டால் வழித்தார். வண்ணத்துக்கு அடியில் பிரைமர் என்ற பேச்சே இல்லை. வார்ப்பில் இருந்த குழிகளுக்குச் சுவருக்குப் போடும் பட்டியைப் பூசி மட்டப்படுத்தியிருந்தார்கள். பெரியவர் ஒரு கட்டியைப் பெயர்த்து என் உள்ளங்கையில் வைத்தார், சுண்ணாம்பாக உதிர்ந்தது. கீழே ஆசிட் தின்ற ஆரஞ்சுத் துரு.

துருவை முழுக்க எடுத்ததும், ஹீட்டர் வைத்து இரும்பைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்வரை காயவைத்தார். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவில்லை. இந்த ஈரக் காற்றில் வெறும் இரும்பு ஒரே இரவில் சிவந்துவிடுமாம். அன்று மாலையே பிரைமர் ஏறியது. வண்ணம் கலக்கும்போது என்னைக் கூப்பிட்டு, சிறிய டின்னை என் கண் முன்னால் உடைத்து ஊற்றிக் கலக்கினார். நான் கேட்கவில்லை. நடந்த கதை அவர் காதுக்கு எட்டியிருந்தது போலும். நீங்கள் யாரிடம் கொடுத்தாலும் அந்த நேரத்தில் பக்கத்தில் நில்லுங்கள், முடிந்ததும் காலியான இரண்டு டின்னையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

முதல் ஒப்பந்தக்காரர் பாக்கி 3,500 ரூபாய்க்காகப் போன வாரம் வரை அழைத்துக்கொண்டிருந்தார். “உங்கள் சிறிய டின் குளியலறைச் சன்னலில் இருக்கிறது, பணத்தை அதற்கு அடியில் வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்” என்றேன். இன்னும் வரவில்லை.