திருவான்மியூர் உப்புக்காற்றில் இரண்டு ஏசிகள்: எதற்கு எவ்வளவு ஆனது, எப்போது மாற்றினேன்

ஏசி குளிரவில்லை என்று ஆளைக் கூப்பிட்டால், வருகிறவர்களில் பாதிப் பேர் யூனிட்டைத் திறப்பதற்கு முன்பே "கேஸ் இறங்கிடுச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். சரி, போடுங்கள் என்றால் மூவாயிரம் ரூபாய், அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கலாம். ஆனால் ஏசியில் இருக்கும் கேஸ் எரிந்து தீர்கிற பொருள் இல்லை. மூடிய செப்புக் குழாய்க்குள் அதே கேஸ்தான் வருஷக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஃபிரிட்ஜும் இதே முறையில்தான் ஓடுகிறது, அதற்கு யாராவது வருஷா வருஷம் கேஸ் போடுகிறார்களா? குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது. அதை அடைக்காமல் போட்ட கேஸ் அடுத்த அக்னி நட்சத்திரம் வரை தாங்காது, சில சமயம் அடுத்த மாதமே போய்விடும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ரிப்பேர் செய்வதா, புதுசு வாங்குவதா என்ற முடிவு பெரும்பாலும் அந்த ஓட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்ததுதான்.

எங்கள் வீடு சென்னை திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில். ஹாலில் 2012-இல் வாங்கிய ஒன்றரை டன் சாதா ஸ்பிளிட், ஆர்22 என்கிற பழைய வகை கேஸ். படுக்கையறையில் 2019-இல் வாங்கிய இன்வெர்ட்டர் ஏசி (தேவைக்கேற்ப கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வகை), ஆர்32 என்கிற புது வகை கேஸ். இரண்டுக்கும் காயில், அதாவது கேஸ் சுற்றிவரும் குழாய்ச் சுருள், செம்புதான். உப்புக்காற்று படுகிற இடத்தில் வெளி யூனிட்டின் காயிலை ஒட்டியிருக்கும் அலுமினியத் தகடுகள் பொடிந்து உதிர்வதைக் கையால் தொட்டே பார்க்கலாம். கடலிலிருந்து தள்ளி அம்பத்தூரில் இருக்கும் என் அண்ணன் வீட்டு ஏசி அதே வயதுதான், அதன் பின்பக்கம் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. அதனால் 'ஏசி பத்து வருஷம் உழைக்கும்' என்கிற பொதுக் கணக்கைக் கடலோரத்தில் இருப்பவர்கள் அப்படியே நம்ப வேண்டாம்.

ஹால் ஏசிக்கு முதலில் வந்த பெரிய பிரச்சினை, வெளி யூனிட்டில் ஃபேன் சுற்றுகிறது, கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸர் மட்டும் 'ம்ம்ம்' என்று உறுமிவிட்டு நின்றுவிடுகிறது. வந்தவர் கம்ப்ரஸர் போய்விட்டது, பதினான்காயிரம் ஆகும் என்றார். விசிட்டிங் சார்ஜ் மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டு, எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் சொன்ன இன்னொரு பையனை வரச் சொன்னேன். அவன் மீட்டர் வைத்துப் பார்த்து, கம்ப்ரஸர் கிளம்ப உதவும் சின்ன மின்பாகமான கப்பாசிட்டர் உப்பிப்போயிருந்ததைக் கழற்றிக் காட்டினான். புதுசு போட்டதற்குக் கூலியோடு சேர்த்து எழுநூறு ரூபாய். சாதா ஏசியில் கம்ப்ரஸர் கிளம்பவில்லை என்றால் முதலில் கப்பாசிட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். கம்ப்ரஸர் நிஜமாகவே எரிந்து போவதைவிட இது அதிகமாக நடக்கிற விஷயம்.

அப்புறம் கேஸ் கதை. முதல் தடவை கசிந்தது ஃப்ளேர் நட் மூட்டில், அதாவது செப்புக் குழாயும் யூனிட்டும் சேருகிற இடத்தில். சோப்பு நுரை தடவினதுமே தெரிந்துவிட்டது, குழாய் முனையை வெட்டிப் புதுசாக ஃப்ளேர் செய்து, அதாவது விரித்து, கேஸ் போட்டதோடு முடிந்தது. இரண்டாம் முறை அப்படி இல்லை. அதே பையன் இண்டோர் காயிலைக் கழற்றி மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், ஒரு முனையை அடைத்து மறுமுனையில் நைட்ரஜன் ஏற்றி, தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கினான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஓரத்து வளைவிலிருந்து ஊசிமுனை அளவு குமிழிகள் ஒவ்வொன்றாக, விட்டுவிட்டு மேலே வந்தன. "அக்கா, இங்க பாருங்க, இதுதான்" என்று விரலால் காட்டினான். கேஸ் வெல்டிங் வைத்து அடைத்தான், ஆனால் அப்போதே சொல்லிவிட்டான்: "இன்னொரு இடத்துல விடும்க்கா, காயிலே இளைச்சிருச்சு." சொன்னபடியே மறு வருஷம் வேறு இடத்தில் விட்டது. புதுக் காயில் ஒன்பதாயிரம், கேஸ் மூவாயிரத்து ஐந்நூறு. பதின்மூன்று வயது ஆர்22 மெஷினுக்கு அந்தப் பணத்தைப் போட மனம் வரவில்லை. ஓசோன் படலத்தைக் காக்கப் போட்ட மான்ட்ரியல் ஒப்பந்தப்படி அந்த வகை கேஸையே 2030-க்குள் கைவிடுகிறார்கள், இருக்கும் மெஷின்களுக்குக் கிடைத்தாலும் வருஷம் போகப் போக விலை ஏறத்தான் செய்யும்.

கேஸ் போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். வாக்யூம் பம்ப் வைத்து இருபது முப்பது நிமிஷமாவது உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். அவசரப்பட்டு அதைத் தாண்டிவிட்டால் கம்ப்ரஸரின் ஆயுள்தான் குறையும். எவ்வளவு கேஸ் என்பது வெளி யூனிட் ஸ்டிக்கரில் அச்சடித்திருக்கும், தராசு வைத்து எடை பார்த்து ஏற்றுகிறவர்தான் வேலை தெரிந்தவர். ஆர்32 லேசாகத் தீப்பிடிக்கக்கூடிய கேஸ். அதனால் குழாய்க்குள் கேஸ் இருக்கும்போது வெல்டிங் வைக்க யாரையும் விடாதீர்கள்.

படுக்கையறை இன்வெர்ட்டரின் பிரச்சினை வேறு ரகம். குளிர்ச்சியில் குறையே இல்லை, ஒருநாள் எரர் கோட் காட்டி நின்றுவிட்டது. வெளி யூனிட்டைத் திறந்தால் சர்க்யூட் போர்டின் மேல் பல்லி ஒன்று கருகி ஒட்டியிருந்தது. புது போர்டு பதினோராயிரம் என்று சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள், வாரண்டியில் போர்டுக்கு ஐந்து வருஷம்தான், அது தாண்டியிருந்தது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டு ரிப்பேர் செய்கிற கடையில் கொடுத்தேன், கருகிய பாகங்களை மாற்றி இரண்டாயிரத்து ஐந்நூறு வாங்கினார்கள், இன்று வரை ஓடுகிறது. 'பத்து வருஷ வாரண்டி' என்று விளம்பரத்தில் பெரிதாக வருவது பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும். கம்ப்ரஸரை இலவசமாகக் கொடுத்தாலும் கேஸ், கூலி, வண்டி வாடகை என்று பல கம்பெனிகளில் தனியாகப் பில் வரும், வாரண்டி அட்டையின் பொடி எழுத்தைப் படித்தால் தெரியும்.

ஹாலுக்குப் புது ஏசி 2025 அக்டோபரில் வாங்கினேன். செப்டம்பர் 22-லிருந்து ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகியிருந்தது, அது நல்ல உதவி. மூன்று ஸ்டாரா ஐந்தா என்பதில்தான் நிறைய யோசித்தேன். ஸ்டார் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் மின்சார யூனிட் கணக்கு வருஷத்துக்கு 1600 மணி நேரத்துக்கானது. அப்போது ஒன்றரை டன்னில் மூன்றுக்கும் ஐந்துக்கும் வித்தியாசம் சுமார் இருநூறு யூனிட், விலையில் வித்தியாசம் ஏழெட்டாயிரம். ராத்திரி முழுக்க ஓடும் படுக்கையறை என்றால் ஐந்து ஸ்டார் தாராளமாகக் கட்டுப்படியாகும். எங்கள் ஹாலில் விருந்தாளி வந்தால்தான் போடுவோம், அதனால் மூன்று ஸ்டார் எடுத்தேன். நம் இபி கணக்கில் இன்னொன்றையும் பாருங்கள்: இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போகும் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழ் அடுக்கில் கிடைக்கும் சலுகை விலையும் போய்விடும். அந்தக் கோட்டை ஒட்டி நிற்கிற வீடுகளுக்கு இருநூறு யூனிட் பெரிய விஷயம். ஸ்டார் அளவுகோலையும் அவ்வப்போது இறுக்குகிறார்கள், ஆகவே பழைய ஐந்து ஸ்டாரை இன்றைய ஐந்து ஸ்டாரோடு ஒப்பிடக் கூடாது. ஐஎஸ்இஇஆர் என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள், செலவாகும் மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர்ச்சி கிடைக்கிறது என்பதைக் காட்டுவது அதுதான், அது எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது.

ஃபிட்டிங் 1500 ரூபாய் என்று சொல்லிவிட்டு, கூடுதல் செப்புக் குழாய், ஸ்டாண்டு, வடிகால் குழாய் என்று நாலாயிரத்துக்கு மேல் வந்தது. செப்புக் குழாய் ஒரு மீட்டர் நீளத்துக்கு எவ்வளவு என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள். பழைய ஏசிக்கு எக்ஸ்சேஞ்சில் இரண்டாயிரம் என்றார்கள், காயலான் கடையில் செப்புக்காகவே நாலாயிரம் தருகிறேன் என்றார்கள். ஆனால் அங்கே கேஸை அப்படியே வெளியே திறந்துவிட்டு உடைப்பார்கள், ஆர்22 ஓசோன் படலத்தை அரிக்கிற கேஸ். அதனால் எக்ஸ்சேஞ்சிலேயே கொடுத்துவிட்டேன்.

படுக்கையறை இன்வெர்ட்டருக்கு கம்ப்ரஸர் வாரண்டி 2029 வரை இருக்கிறது. போர்டு மறுபடி போனால் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கே எடுத்துப் போவேன். இண்டோர் காயில் கசிய ஆரம்பித்தால் ஒரே ஒரு வெல்டிங், அதற்கு மேல் செலவு செய்ய மாட்டேன், புதுசுதான்.