செட்டிநாட்டு மீட்டர்கேஜுக்கு எந்தத் தண்டவாளம்? பெக்கோவின் இரண்டு 12 மி.மீ. பாதைகள்

திருச்சியிலிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரை செல்லும் தடத்தில், கானாடுகாத்தானை ஒட்டியுள்ள செட்டிநாடு நிலையத்தை அதன் மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) காலத் தோற்றத்தில் ஒரு மேசையின் மேல் மாடல் ரயிலாக அமைக்க விரும்புகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது தண்டவாளத்தைத்தான். கட்டடமும் எஞ்சினும் பிறகு வரலாம். உலகெங்கும் அதிகம் விற்பனையாகும் 1:87 விகித எச்.ஓ. மாடல்கள், இரு தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ. அகலமுள்ள பாதையில் ஓடுகின்றன. அது 1435 மி.மீ. அகலமுள்ள ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைக்கான கணக்கு. நம் பிராட்கேஜான 1676 மி.மீ. அந்த விகிதத்தில் 19 மி.மீட்டருக்குச் சற்று மேலாகவும், மீட்டர்கேஜ் 11.5 மி.மீ. ஆகவும் அமையும். மீட்டர்கேஜ் நீராவி எஞ்சினான ஒய்.பி.யை எவ்வளவு நுணுக்கமாகச் செய்து நிறுத்தினாலும் கீழே 16.5 மி.மீ. பாதை இருந்தால், அந்தக் காலத்து ரயிலைக் கண்டவர் கண்ணுக்கு அது பொருந்தாது.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பீர் என்னும் ஊரில் இயங்கும் பெக்கோ நிறுவனம் 12 மி.மீ. அகலத்தில் இரண்டு வகைப் பாதைகளைத் தருகிறது. ஒன்று எச்.ஓ. விகிதத்தில் மீட்டர்கேஜுக்கென்றே செய்யப்பட்ட எச்.ஓ.எம். பாதை. மற்றொன்று 1:120 விகித டி.டி. ரயில்களுக்கானது. இரண்டுமே வளைத்துப் பொருத்தக்கூடிய நீளத் துண்டுகளாகக் கிடைக்கின்றன. பெயரைப் பார்த்தால் முதலாவதை வாங்குவதே முறை என்று தோன்றும். ஆனால் நம் ஊர் நிலையத்துக்கு இரண்டாவதே சிறந்தது என்பது என் மதிப்பீடு.

காரணம் தண்டவாளத்தின் உயரம். எச்.ஓ.எம். பாதையில் இருப்பது ‘கோட் 75’, அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் 75 பங்கு, ஏறத்தாழ 1.9 மி.மீ. இதை 87 மடங்காக்கினால் 165 மி.மீட்டருக்கு மேல் வருகிறது. அது இன்றைய பிராட்கேஜில் போடப்படும் 60 கிலோ தண்டவாளத்தின் 172 மி.மீ. உயரத்தை நெருங்குவது, பழைய மீட்டர்கேஜின் மெலிந்த தண்டவாளத்துக்கு ஒவ்வாதது. டி.டி. பாதையின் ‘கோட் 55’ அதே கணக்கில் சுமார் 120 மி.மீ. ஆகிறது. அதன் ஸ்லீப்பர் கட்டைகளின் நீளமும் 1:87 விகிதத்தில் பார்த்தால் நம் மீட்டர்கேஜ் மரக்கட்டையின் 1.8 மீட்டருக்கு அருகில் வந்து நிற்பது எதிர்பாராத வசதி.

குறையும் உண்டு. கட்டைகள் ஐரோப்பியப் பிரதான தடத்துக்கு ஏற்றபடி நெருக்கமாக உள்ளன. அடியிலுள்ள இணைப்புப் பட்டைகளை வெட்டி, கட்டைகளைப் பொறுமையாக நகர்த்தி இடைவெளி கூட்டினால்தான் கிளைத் தடத்தின் சாயல் கிடைக்கும். நடைமேடைக்கு முன்னால், பார்ப்பவர் கண் நிலைக்கும் பகுதிக்கு மட்டும் இதைச் செய்தால் போதும். இரண்டிலும் தண்டவாளம் நிக்கல் சில்வர் என்னும் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவையால் ஆனது. பெயரில் வெள்ளி இருந்தாலும் பொருளில் இல்லை. பளபளப்பு போகப் பக்கவாட்டில் துருநிறம் பூசி, மேற்பரப்பை மட்டும் துடைத்து வைக்க வேண்டும்.

ஜல்லியும் மண்ணும் விலைகொடுத்து வாங்கத் தேவையில்லை என்பேன். செட்டிநாட்டுச் செம்மண்ணை வெயிலில் நன்றாக உலர்த்தி, மெல்லிய துணியில் சலித்தெடுத்தால், எந்த இறக்குமதிப் பொடிக்கும் இல்லாத நிறம் கிடைக்கிறது. ஒரு காந்தத்தை அதன்மேல் பலமுறை ஓட்டுவது மட்டும் கட்டாயம். செம்புறாங்கல் நிலத்து மண்ணில் காந்தத்தில் ஒட்டும் துகள்கள் இருக்கக்கூடும்; அவை எஞ்சின் மோட்டாருக்குள் ஏறினால் பழுதுதான். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால், பசை மண்ணுக்குள் சீராக இறங்கும். கோடை வெப்பத்தையும் ஐப்பசி ஈரத்தையும் பலகை தாங்க வேண்டியிருப்பதால், தண்டவாள இணைப்புகளில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி விட்டுவிடுவது நல்லது.

செலவைப் பொறுத்தவரை, பொருளின் விலையோடு சுங்க வரியும் சேரும். நீளமான பொதி என்பதால் அனுப்பும் கட்டணமும் கூடுதலாகும். ஆகவே தேவையான மொத்தத்தையும் ஒரே முறையில் வரவழைப்பதே சிக்கனம். வாங்குமுன் எஞ்சின் எங்கிருந்து வரும் என்பதையும் யோசிக்க வேண்டும். ஜெர்மனியின் பெமோ நிறுவனம் தரும் எச்.ஓ.எம். வண்டிகள் பெரும்பாலும் சுவிட்சர்லாந்து மலைத் தடங்களைச் சேர்ந்தவை. நம் மீட்டர்கேஜ் எஞ்சின்களான ஒய்.பி., ஒய்.ஜி. (நீராவி), ஒய்.டி.எம்.4 (டீசல்) ஆகியவற்றின் உடலைத் தாமே செய்து, 12 மி.மீ. சக்கரத் தொகுதியின்மேல் பொருத்துவதே இப்போதைக்கு நடைமுறை வழி. சக்கர விளிம்பு ஆழமான பழைய வண்டிகள் கோட் 55 பாதையில் கட்டைகளைத் தட்டிக்கொண்டு ஓடக்கூடும். அத்தகைய வண்டிகளை வைத்திருப்பவர் எச்.ஓ.எம். பாதையையே வாங்கலாம். இரண்டையும் கலந்து போடுகிறவர், சேரும் இடத்தில் தண்டவாளத்தின் மேற்பரப்பு ஒரே மட்டத்தில் இருக்கும்படி தாழ்ந்த பக்கத்துக்கு அடியில் அட்டை கொடுத்த பிறகே பசையிட வேண்டும்.