ஸ்ட்ராங்ஹோல்ட் குருசேடரா, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஆ?

கடலூர்க்காரனுக்குக் கோட்டை என்றால் தேவனாம்பட்டினம்தான். அங்கிருந்த செயின்ட் டேவிட் கோட்டையை 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்தார்கள். அதன் பிறகு ஆங்கிலேயர்கள் புதுச்சேரியை வளைத்து, உள்ளே இருந்தவர்களைப் பட்டினி போட்டே 1761 ஜனவரியில் பணிய வைத்தார்கள். இந்தப் பட்டினியை வைத்துத்தான் கோட்டை கட்டிச் சண்டை போடும் இந்த இரண்டு கம்ப்யூட்டர் கேம்களையும் நான் எடை போடுகிறேன்.

1999-ல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் உணவு என்பது ஆள் சேர்க்கக் கொடுக்கும் காசு மாதிரி. சேர்ந்த பிறகு எவனுக்கும் பசிக்காது. 650 கல் கையில் இருந்தால் முழுக் கோட்டையும் ஒரே கட்டடமாக எழும்பிவிடும். எதிரி ட்ரெபுஷே என்னும் கல்லெறி பொறியைத் தள்ளி நிறுத்தினால் கோட்டையின் அம்பு அதுவரை எட்டாது. வெளியே ஓடித்தான் உடைக்க வேண்டும்.

2002-ல் வந்த குருசேடரில் மதில், கோபுரம், வாசல் எல்லாவற்றையும் நாமே இழுத்து இழுத்துக் கட்ட வேண்டும். பயிர் விளைய பச்சை நிலம் வேண்டும், பாலைவனத்தில் அது கொஞ்சம்தான். அறுத்த கோதுமை கிடங்குக்கு வரும், அப்புறம் மில், மாவாகி மறுபடி கிடங்கு, பேக்கரி, கடைசியில் ரொட்டி உணவுக் களஞ்சியத்துக்கு. ஒருமுறை பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பேக்கரிகளை மதில் ஓரமாக வைத்துவிட்டேன். மாவு மூட்டையோடு நடப்பதிலேயே பேக்கரிக்காரனுக்குப் பொழுது போய்விட்டது. களஞ்சியம் காலி. மக்கள் ஆதரவு 50-க்குக் கீழே இறங்கியதும் ஒவ்வொருவராக ஊரை விட்டுக் கிளம்பினார்கள். கம்ப்யூட்டர் ஆடும் எதிரியான சலாதீனின் படை வந்தபோது புதிதாக வில்லாளி சேர்க்க ஆளில்லை. மதிலில் ஒரு கல்கூடப் பெயரவில்லை, கோட்டை மட்டும் போய்விட்டது.

அதற்காக ஏஜை ஒதுக்கிவிட முடியாது. 2022-ல் வந்த விரிவாக்கத்தில் திராவிடர்கள் என்ற தரப்பு உண்டு. கிராமத்தாளைத் தட்டினால் தமிழில் பதில் சொல்வான். ராஜேந்திர சோழன் கதையையும் விளையாடலாம். கப்பல் சண்டை வேறு இருக்கிறது. குருசேடரில் கப்பலே கிடையாது, கடற்கரை ஊர்க்காரனுக்கு அது பெரிய குறைதான். வெட்டவெளிச் சண்டையிலும் குருசேடர் சுமார். இரண்டு கூட்டம் மோதும், எண்ணிக்கை அதிகமுள்ளவன் ஜெயிப்பான்.

என் தம்பி ராத்திரியில் ஆன்லைனில் ஆள் பிடித்து ஏஜ்தான் ஆடுகிறான். ஞாயிறு மதியம் சாப்பிட்டு உட்கார்ந்தால் எனக்குக் குருசேடர். பேக்கரிகளை இப்போது கிடங்கை ஒட்டியே வைக்கிறேன்.