ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டு: அரசுக் குழுவா, நுகர்வோர் ஆணையமா?

ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டிபூய் நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் என்ற செயற்கை இடுப்பு மூட்டு, பலருக்குப் பழுதாகி மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டதால் 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டபோது, இந்தியாவில் ஏறத்தாழ 4,700 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது.

இழப்பீட்டுக்கான முதல் வழி, அரசு அமைத்த குழுக்கள். மாநிலக் குழு நோயாளியைப் பரிசோதிக்கும். வயதையும் ஊனத்தின் அளவையும் கொண்டு, 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை வழங்கும் சூத்திரத்தை மத்திய அரசு 2018-இல் ஏற்றது. மூட்டு பழுதானது என்பதை நோயாளி வாதாடி நிறுவ வேண்டியதில்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் அச்சூத்திரத்தை எதிர்த்து நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. 2019-இல், மறு அறுவை சிகிச்சை செய்துகொண்டதாகச் சரிபார்க்கப்பட்ட 67 பேருக்குத் தலா 25 லட்சம் தர முன்வந்தது.

இரண்டாவது வழி, நுகர்வோர் ஆணையம். அங்கே தொகைக்கு அத்தகைய சூத்திரம் இல்லை; உடல் பாதிப்போடு மன உளைச்சலுக்கும் கோரலாம். எனினும் இரண்டு ஆண்டுக் காலவரம்பு உண்டு. தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால்தான் ஆணையம் மன்னிக்கும். பழுதை நிறுவும் சுமையும் முறையீட்டாளருடையதே. பொருள் பொறுப்பு விதிகளை, அதாவது பழுதான பொருளால் நேரும் பாதிப்புக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் விதிகளைக் கொண்ட 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்ததால், பழைய பாதிப்புகளுக்கு அவை பொருந்துமா என்பதே வாதத்துக்குரியது. மருத்துவ ஆவணங்கள் முழுமையாக இல்லாதவர்களுக்கு இவ்வழியை நான் முதலில் பரிந்துரைக்க மாட்டேன்.