முயல் மரு: வைரஸின் வகையா, முயலின் மரபணுவா?

வைராலஜி வகுப்புக்கு ஓர் ஆய்வுத் தொகுப்பு எழுத வேண்டியிருந்தது. ஷோப் பாப்பிலோமா வைரஸ் தொற்றினால் சில முயல்களில் மரு தானாக மறைகிறது, சிலவற்றில் நிலைத்து நின்று புற்றாகிறது. ஏன்? வைரஸின் மரபணு வேறுபாட்டை வைத்து விளக்கலாம், முயலின் மரபணுவை வைத்தும் விளக்கலாம். நான் வைரஸ் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். இன்று கேட்டாலும் அதையேதான் எடுப்பேன்.

பின்னணி தெரிந்ததுதான். 1933-ல் ரிச்சர்ட் ஷோப் அமெரிக்கக் காட்டன்டெயில் காட்டுமுயல்களின் கொம்பு போன்ற கறுத்த மருக்களுக்கு வைரஸ்தான் காரணம் என்று காட்டினார். அதே மரு வீட்டு முயலில் புற்றாக மாறுவதைப் பேட்டன் ரௌஸும் ஜோசப் பியர்டும் அடுத்த சில ஆண்டுகளில் நிறுவினார்கள்.

முயல் பக்கத்து வாதத்தை லேசாக எடைபோட முடியாது. நீண்ட நாள் நிற்கும் மரு காட்டுமுயலில் ஏறத்தாழ கால்வாசியும் வீட்டு முயலில் முக்கால்வாசி வரையும் புற்றாகிறது. 1992-ல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்துக் குழு இன்னும் கூர்மையான ஒன்றைச் சொன்னது: எம்ஹெச்சி என்பது வைரஸ் புரதத் துண்டுகளை நோயெதிர்ப்புச் செல்களுக்குக் காட்டும் மூலக்கூறுகளுக்கான மரபணுத் தொகுதி; அதன் இரண்டாம் வகுப்பு மரபணுக்களில் டிஆர் ஆல்ஃபா என்ற மரபணுவின் வேறுபாடு மரு மறைவதோடும், டிக்யூ ஆல்ஃபா என்ற மரபணுவின் வேறுபாடு மரு புற்றாவதோடும் சேர்ந்து வருகிறது. மனித பாப்பிலோமா வைரஸால் வரும் கருப்பைவாய்ப் புற்றுநோயிலும் இதே மரபணுத் தொகுதி பேசப்படுவதால் இந்த முடிவுக்கு மதிப்பு அதிகம். ஆனால் சேர்ந்து வருவது வேறு, காரணமாக இருப்பது வேறு. ஆய்வுக்கூட நியூசிலாந்து வெள்ளை முயல்கள் பெரும்பாலும் நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் செய்யப்படாதவை. ஒன்றின் மரபணு மற்றதைப் போல இருக்காது. அருகருகே இருக்கும் மரபணுக்கள் கூட்டமாகவே கடத்தப்படுவதால் எது வேலை செய்தது என்று பிரிப்பதும் கடினம்.

என்னைச் சாய்த்தது ஒரே ஒரு விஷயம்: வைரஸை ஆராயும்போது ஒப்பிடவேண்டிய இரண்டையும் ஒரே முயலின் முதுகில் வைக்கலாம். இந்த வைரஸின் டிஎன்ஏ மட்டும் இருந்தாலே மரு வரும் என்று யோஹெய் இட்டோ 1960-ல் காட்டிவிட்டார். சுமார் 8,000 கார இணைகள் கொண்ட சிறிய மரபணுத்தொகுதி, பிளாஸ்மிடில் (பாக்டீரியாவில் பெருக்கக்கூடிய சிறு டிஎன்ஏ வளையம்) வைத்து வேண்டியபடி வெட்டி ஒட்டலாம். முதுகை மழித்து, தோலை லேசாகக் கீறி, இடப்பக்கம் ஒரு வகையையும் வலப்பக்கம் மாற்றியமைத்ததையும் இடுகிறார்கள். சில வாரங்களில் மரு எழும்பும். காலிப்பர் என்ற அளவுக் கருவியால் நீளம், அகலம், உயரம் அளந்து, மூன்றையும் பெருக்கி, கனமூலம் எடுத்துப் பதிவு செய்கிறார்கள். எம்ஹெச்சி, வயது, தீவனம், கூண்டு எல்லாம் இரு பக்கத்துக்கும் ஒன்றுதான். வித்தியாசம் தெரிந்தால் அது வைரஸின் வித்தியாசம்.

இதற்குப் பலனும் கிடைத்தது. நியூசிலாந்து வெள்ளை முயலில் நிலைத்து நிற்கும் ஒரு வகைக்கும் மறைந்துபோகும் இன்னொரு வகைக்கும் டிஎன்ஏ வரிசையில் சுமார் 5 சதவீதம்தான் வேறுபாடு. அவற்றின் பகுதிகளை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்த பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஆய்வாளர்கள், வைரஸின் ஈ6 என்ற புரதத்தின் கார்பாக்சில் முனையில் (புரதச் சங்கிலி முடியும் முனை) இருக்கும் அமினோ அமிலங்கள் மரு மறைவதைப் பாதிக்கின்றன என்று 2002-ல் வெளியிட்டார்கள். எத்தனையோ வேறுபாடுகளுக்கு நடுவே ஒரு புரதத்தின் ஒரு முனை வரைக்கும் இறங்க முடிந்தது!

ஒரு எச்சரிக்கை உண்டு. ஒரு மருவை எதிர்க்கத் தொடங்கிய உடல் மற்றவற்றையும் தாக்கலாம், எல்லா மருவும் ஒருசேர மறைவதும் உண்டு. அதனால் இரு வகைகளையும் தனித்தனி முயல்களிலும் சோதித்தே ஆகவேண்டும். நான் காலிப்பர் பிடித்தவனில்லை, கட்டுரைகளைப் படித்தவன். ஓராண்டு வரைகூட இழுக்கும் புற்றுச் சோதனையில் முயலைப் பராமரிக்கும் பாட்டை அனுபவித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் கேள்வி தடுப்பூசி என்றால் முயல் பக்கம் போங்கள். மனித எம்ஹெச்சி மரபணுக்களில் ஒன்றான ஹெச்எல்ஏ-ஏ2.1-ஐப் புகுத்திய முயல்களை அதே ஹெர்ஷி குழுதான் உருவாக்கியது. வைரஸ் புரதத்தின் எந்தத் துண்டை அந்த மரபணு தரும் மூலக்கூறு நோயெதிர்ப்பு அணுவான டி செல்லுக்குக் காட்டுகிறது என்று சோதிக்க அவை தோதானவை, அங்கே வைரஸை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் பதில் வராது.