85,000 ரூபாயும் போனது, பட்ட கிளையும் விழுந்தது: திருகோணமலை விடுதிக்காரர்கள் கவனத்துக்கு

உப்புவெளியில் சிறிய தங்குவிடுதி நடத்துகிறேன். நேற்று மாலை, வாகனத் தரிப்பிடத்துக்கு மேலே நீண்டிருந்த வாகையின் பட்ட கிளை முறிந்து விருந்தினர் ஒருவரின் வானை நசுக்கிவிட்டது. நல்ல வேளை, உள்ளே ஆள் இல்லை. அந்தக் கிளையை வெட்டத்தான் 85,000 ரூபாய் கொடுத்திருந்தேன்!

வேலையாட்களைத் தேடித் தரும் இணையத் தளம் ஒன்றின் மூலம் வந்தவர் அவர். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயலுக்கே நின்ற மரம்தான். என்றாலும் மாரிக்கு முன் சரிபார்க்க விரும்பினேன். தலைக்கவசமும் இடுப்பில் கயிறுமாக வந்தார். மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டினார். "ஐயா, இந்த இடத்தில் காதை வைத்துப் பாருங்கள், சத்தம் வேறு" என்றார். வைத்தேன், வேறாகத்தான் கேட்டது. இவ்வளவு நுணுக்கம் தெரிந்தவர் ஏமாற்றுவாரா? முழுத் தொகையையும் எண்ணிக் கொடுத்தேன்.

கைக்கெட்டிய பச்சைக் கிளைகளை வெட்டி, லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். விறகுக் காசும் அவருக்கே! வெட்டுவாய்களுக்குத் தார் பூசி, 'மரம் பாதுகாப்பானது' என்று முத்திரை குத்திய பத்திரமும் தந்தார். உச்சியில் பட்ட கிளை அப்படியே இருந்தது. கேட்டபோது, "வலுவாக இருக்கிறது, ஐயா, தொடத் தேவையில்லை" என்றார்.

நேற்றிரவு அழைத்தேன். "காற்றுக்கு நான் பொறுப்பா?" என்றார். பிறகு அழைப்பை எடுக்கவில்லை. தளத்தாரோ, இணைத்து வைப்பது மட்டுமே தங்கள் வேலை என்றார்கள். பத்திரத்தைப் பார்த்த காப்புறுதி முகவர், "கையொப்பமிட்டவருக்கு என்ன தகுதி?" என்று கேட்டார். அது அதில் இல்லை. 85,000 ரூபாய்க்கு ஒரு தாள்.

மரத்தைச் சோதிப்பது பற்றி விரிவாக எழுத எண்ணியிருந்தேன். வான்காரர் வாசலில் நிற்கிறார். அவசரமாகச் சில: அடிமரத்தில் காளான் முளைத்தாலோ, வேரருகே மண் வெடித்து மரம் சாய்ந்தாலோ முதலில் கீழே நிற்கும் வாகனங்களை அகற்றுங்கள். தார் பூசினால் உளுத்தல் நிற்காது. எந்தக் கிளை என்று படத்தில் குறித்துக் கையொப்பம் வாங்குங்கள். அது இறங்கிய பிறகே மீதிப் பணம். பலா, ஈரப்பலா, பெண் பனை என்றால் வெட்ட அனுமதி வேண்டும். "தேவையில்லை" என்பவரை வாசலோடு அனுப்புங்கள்.

சுத்தியலோடு வரும் இதே ஆளிடம் பணம் கொடுத்தவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். முறைப்பாட்டைச் சேர்ந்தே கொடுப்போம்.