பழுதுபார்த்து வந்த பாரோமீட்டர்

கோவளத்தில் சிறிய பாய்ப்படகு வைத்திருக்கும் நண்பர் கேட்டார்: "உங்க பித்தளை பாரோமீட்டர் இன்னும் ஓடுதா? நானும் ஒண்ணு வாங்கலாமா?" காற்றழுத்தத்தை முள்ளால் காட்டும் அந்தக் கருவி போன வாரம்தான் பழுதுபார்த்து வந்தது. முள்ளைத் திருப்பும் மெல்லிய சங்கிலி உப்புக்காற்றில் துருவேறி இறுகியிருந்தது. இப்போது கண்ணாடியை விரல்நுனியால் தட்டினால் முள் மயிரிழை நகர்ந்து நிற்கிறது.

முகப்பில் எழுதியிருப்பதைப் பார்த்தால்தான் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. 'ரெயின்' (மழை), 'சேஞ்ச்' (மாற்றம்), 'ஃபேர்' (தெளிந்த வானம்) எல்லாம் இங்கிலாந்து வானத்துக்கு எழுதியவை. சென்னையில் மே மாத வெயில் கொளுத்தும்போது காற்றழுத்தம் 1005 மில்லிபார் (அழுத்தத்தின் அலகு) பக்கம் இருக்கும். முள் 'சேஞ்ச்' ஓரமாக நிற்கும். நவம்பர் அடைமழையில் 1010 பக்கம் ஏறி 'ஃபேர்' நோக்கிப் போகும். கடலுக்குப் போகிறவனிடம் இதையா விற்பது?

அப்புறம், கரையோரக் காற்றைப் பற்றி இது வாயே திறக்காது. ஜூன், ஜூலையில் காலை முழுக்க மேல்காற்று, அதாவது மேற்கே நிலத்திலிருந்து வீசும் காற்று. கடல்காற்று எத்தனை மணிக்குத் திரும்பும், திரும்பவே திரும்பாதா என்பதுதான் பாய் விரிப்பவனுக்கு முக்கியம். அதை அழைத்து வரும் அழுத்த வித்தியாசம் மிகச் சிறியது. காற்று பட்டுத் தூரத்தில் தண்ணீர் கருத்துக்கொண்டு வருவதைக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். தினமும் காலை 10 மணிக்கு முள் உச்சிக்கு வரும், மாலை 4 மணிக்கு இறங்கும். இரவு 10, விடிகாலை 4 என்று மறுபடியும். வித்தியாசம் 3 மில்லிபார் அளவுதான். சூரியன் மேலே காற்றைச் சூடாக்குவதால் வளிமண்டலமே அலையாக எழுந்து தாழ்கிறது. நம் வீட்டுச் சுவரில் அதைப் பார்க்கக் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம்! அந்தந்த மணிக்கு வழக்கமாக இருப்பதைவிட 3 மில்லிபார் குறைந்தால் உஷார், 5 குறைந்தால் அருகில் புயல் என்பது மாலுமிகளின் பழைய கணக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னைக்குக் கிழக்கே கடந்தபோது, காலையில் ஏற வேண்டிய முள் இறங்கிக்கொண்டே இருந்தது. ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்த முள்ளைப் பார்க்கவே அன்று பயமாக இருந்தது.

சரி, வாங்கலாமா? வேண்டாம் என்றுதான் நண்பரிடம் சொன்னேன். புயலை வானிலை மையம் நாள்கணக்கில் முன்பே சொல்லிவிடுகிறது. அவருக்குத் தேவை மத்தியானக் காற்று. வாங்கியே தீருவேன் என்றால், எழுத்தில்லாமல் மில்லிபார் எண் மட்டும் உள்ளதாகப் பாருங்கள். பின்பக்கத் திருகை மீனம்பாக்கம் வானிலை நிலையத்தின் கடல்மட்ட அழுத்தத்துக்குச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்.